செத்தவீட்டு லீவு

டெனுசன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் செய்த வேலையைக் கேட்டதும் அவனைக் கூப்பிட்டு வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். தாராளமாகக் கேளுங்கள். அவன் தன்னைத்தானே அதைவிடக் கூடக் கேட்டுவிட்டான்.

வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் மன்னார், பேசாலை. இப்போது குடியிருப்பது பிளேஸ்டோவில், வேலை செவன் கிங்ஸில் ஒரு பெற்றோல் ஷெட்டில். மனைவி றூபினி பள்ளிக்கூடச் சமையலறையில் நிற்கிறாள். மகள் ஷெறோனுக்குப் பதின்மூன்று, மகன் றொஜனுக்கு எட்டு. இந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு விடுமுறைக்குப் போனதே கிடையாது. இரண்டு தரம் வெளிக்கிட்டார்கள். முதல்தரம் பிளாக்பூல். புறப்படுகிற காலையில் ஷெட்டில் எவனுக்கோ காய்ச்சல், முதலாளி கூப்பிட்டார், இவன் போய்விட்டான். இரண்டாம் தரம் வேல்ஸ். அதே கதை, காய்ச்சல்காரன் மட்டும் வேறு ஆள். அந்தத் தரம் ஷெறோன் அழவில்லை. "இட்ஸ் ஓகே அப்பா" என்றுவிட்டுத் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அலுமாரிக்குள் வைத்தாள். அழுதிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

ஆகவே இந்த யூலையில் றூபினி அவனைக் கேட்கவேயில்லை. சிங்போர்ட் தாண்டி, லண்டன் முடிகிற ஓரத்தில் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் கவுன்சில் நடத்துகிற காம்ப் இடம். கோடை முழுவதும் நிறைந்து கிடந்த இடத்தில் யாரோ வரவில்லை என்று சொல்ல, ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கும் இடம் விழுந்தது. அவள் பிடித்துவிட்டாள். அதே கையோடு ஒரு காம்பர் வானும் வாடகைக்கு எடுத்துவிட்டாள்: உள்ளுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிற வீடு மாதிரி வான். "இனி நீங்கள் வாறதும் வராததும் உங்கடை விருப்பம். நானும் பிள்ளையளும் போறம்" என்றாள். றூபினி சொன்னால் செய்கிற ஆள்.

முதலாளியிடம் லீவு கேட்டான். "ஞாயிறு ஏலாது" என்றார் முதலாளி. ஏனென்று சொல்லவில்லை. முதலாளிமார் ஏன் என்று சொல்வதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் டெனுசன் ஷெட்டின் களஞ்சிய அறையில் நின்று யோசித்தான். எங்கள் ஆக்களிடம் எதற்கும் லீவு கிடைக்காது, ஒன்றுக்கு மட்டும் கிடைக்கும். கலியாணத்துக்குக் கேட்டால் "எத்தனை நாளைக்கடா தம்பி கலியாணம்?" என்பார்கள். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் தருவார்கள். செத்தவீடு என்றால் மட்டும் மறுபேச்சு இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரை எடுத்துச் சாகடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. வாய் பலித்துவிட்டால்? நாளைக்கு உண்மையாகவே அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால்? ஆகவே மகாபுத்திசாலித்தனமாக ஒன்று செய்தான். ஏற்கெனவே செத்துப்போன ஒருவரைப் பிடித்தான்.

"அண்ணை, ஊரிலை சித்தப்பா மோசம் போட்டார்."

சித்தப்பா மோசம் போனது மெய்தான். மூன்று வருசத்துக்கு முந்தி. செத்தது உண்மை, பேர் உண்மை, உறவு உண்மை, நாள் மட்டும்தான் பொய், அப்படிப் பார்த்தால் முக்கால்வாசி உண்மைதானே என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான். முதலாளி முகம் சட்டென்று மாறியது. "எட, அப்பிடியோ. போ, போ. ஞாயிறு வரைக்கும் இந்தப் பக்கம் வராதை. நான் ஆரையும் பாக்கிறன்" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு டெனுசனுக்குச் சுட்டது. சுட்டும் என்ன? வீட்டுக்குப் போய் நீச்சல் உடுப்புகளை அடுக்கினான்.

சும்மா சொல்லக்கூடாது, வெள்ளி முழுக்க, சனி மத்தியானம் வரைக்கும் சொர்க்கம்தான். முப்பத்தோராம் இடம், நேரே முன்னால் தண்ணீர். வானுக்குக் கரண்ட் எடுக்க நீல வயர் ஒன்று, தண்ணீர் பிடிக்க உருட்டிக்கொண்டு போகிற பீப்பா ஒன்று. கக்கூஸ் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் டெனுசனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதை ஒரு கையில் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையில் இழுத்துக்கொண்டு போனவனைப் பார்த்து ஷெறோன் புல்லில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் இரண்டு வருசம் கண்டதில்லை. நீந்துகிற இடத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குள் றொஜன் கொக்கு வடிவிலே ஊதிய இளஞ்சிவப்பு வளையம் ஒன்றைப் போட்டுக்கொண்டு மிதந்தான். பக்கத்து வானில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி கையசைத்தார்கள். இவனும் கையசைத்தான். இவ்வளவும் இருபது நிமிச ஓட்டத்தில் கிடந்திருக்கிறதே, இத்தனை வருசமும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றேனே என்று நினைத்தான்.

சனி பின்னேரம் மூன்று மணிக்கு றூபினி வெளியே காஸ் அடுப்பில் நண்டுக் கறி வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி இரண்டு தரம் வந்து என்ன மணக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்போது றூபினியின் போன் அடித்தது. அஞ்சலீனா அன்ரி. கோயிலில் மாதா சபையின் தலைவி. எங்கள் ஆக்களில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலாவதாக வந்து நிற்கிற மனுசி.

"பிள்ளை, அறிஞ்சம்" என்றார் அன்ரி, தொண்டை கம்மி. "என்ன செய்யிறது மோனை. ஆண்டவர் கூப்பிட்டால் போகத்தானே வேணும்."

றூபினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே டெனுசனைத் திரும்பிப் பார்த்தாள். டெனுசன் குந்தியிருந்த கதிரையிலிருந்து மெல்ல எழும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி விளங்கியது. பதினாறு வருசம் குடும்பம் நடத்தினவள் அல்லவா?

"நாங்கள் உங்கடை வீட்டு வாசல்லைதான் நிக்கிறம். சோறும் மரக்கறியும் கொண்டந்தனாங்கள். தட்டித் தட்டிப் பாக்கிறம், ஒருத்தரையும் காணேல்லை."

"நாங்கள்... நாங்கள் நோர்பரியிலை, அன்ரி. இவரின்ரை சொந்தக்காரர் வீட்டை. எல்லாரும் இஞ்சைதான் கூடியிருக்கிறம்" என்றாள் றூபினி. அதைச் சொன்ன கையோடு றொஜன் ஏரியிலிருந்து, "அம்மா! டக் ஒண்டு என்ரை ஃபிளமிங்கோவைக் கடிக்குது!" என்று கத்தினான். றூபினி போனைப் பொத்தினாள். 

"பிள்ளையள் விளையாடுதுகள் என்ன? அதுகளுக்கென்ன தெரியும்" என்றார் அன்ரி. "நல்லவேளை ஷெட்டிலை இவரோடை நிக்கிற யாக்கோப்பு ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பொறுப்பெடுத்திட்டான். பாவம், நாளைக்கு வால்சிங்கம் மாதா கோயில் யாத்திரை எல்லே, அவனும் மனுசி மெற்றில்டாவும் பேர் குடுத்து வைச்சிருந்தவை. நேத்திக்கடன் வேறை. நான் கேட்டன், 'யாக்கோப்பு, நேத்தியை விடலாமோ?' எண்டு. 'செத்தவீட்டுக்குப் பிறகுதான் எல்லாம் அன்ரி, மாதாவுக்கு விளங்கும்' எண்டிட்டான். அப்பிடிப்பட்ட மனுசரும் இருக்கினம் பிள்ளை."

றூபினி போனை வைத்தாள். கறியை இறக்கினாள். அடுப்பை அணைத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆரைச் சாக்கொண்டனியள்?"

"ஒருத்தரையும் இல்லை. சித்தப்பாவை..."

"எந்தச் சித்தப்பா?"

"எங்கடை சித்தப்பாதான்."

அவள் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கத்தவில்லை. பக்கத்து வானுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள். "அந்த மனுசன் செத்தண்டைக்கு நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒரு பூசை வைக்கேல்லை. கறுத்த சட்டைகூடப் போடேல்லை. இண்டைக்கு லீவுக்கு மட்டும் அந்த மனுசன் தேவைப்பட்டிருக்கு என்ன?"

டெனுசன் கதிரையை மடக்கி வானுக்குள் வைத்தான். 

சித்தப்பா செபஸ்தியாம்பிள்ளை அவனுடைய தகப்பனுக்குத் தம்பி, மீன் லொறி ஓட்டினவர். தகப்பன் கடலில் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கினது அவர்தான். இவன் லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று விமானம் ஒன்பது மணித்தியாலம் பிந்தியது. "நீங்கள் போங்கோ சித்தப்பா" என்று உள்ளேயிருந்து போன் எடுத்துச் சொன்னான். "ஓம், ஓம், வெளிக்கிட்டிட்டன்" என்றார். போகவில்லை. விமானம் எழும்பும் வரைக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளியே சீமெந்துத் தரையில் குந்தியிருந்தார் என்பது இவனுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அவர் செத்த செய்தி வந்தபோது டெனுசன் அந்த ஷெட்டில் சேர்ந்து இரண்டு கிழமை. லீவு கேட்கப் பயம். அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். களஞ்சிய அறையில் சிப்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பதினொரு நிமிசம் பார்த்தான். கடை மணி அடித்தது. போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் போய், ஒருவனுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்குச் சொல்லாதது அடுத்த நாளும் சொல்ல முடியாமல் போய், அடுத்த கிழமை சொன்னால் "இப்பதானோ சொல்லுறாய்?" என்று கேட்பார்களே என்று வெட்கப்பட்டு, அப்படியே மூன்று வருசம் ஆகிவிட்டது.

யாக்கோப்பு அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது. டெனுசனுக்குக் கல்லாப்பெட்டி திறக்கப் பழக்கினது அவர். இவனுக்கும் அவருக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை, ஷெட்டுக்கு வர முந்தியே கோயிலில் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் றொஜன் பிறந்தபோது ஆசுப்பத்திரிக்கு மிளகுத்தண்ணி கொண்டுவந்தது அவருடைய மெற்றில்டா. போன மாரியில் மெற்றில்டாவின் மார்பில் ஒரு கட்டி. ஸ்கான் எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள், ஆறு மாதத்தால் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். அந்த ஆறு மாதம் முடிவது வருகிற செவ்வாய்க்கிழமை. வால்சிங்கத்தில் கடைசி மைலை வெறுங்காலோடு நடந்து வருவேன் என்று யாக்கோப்பு மாதாவுக்கு நேர்ந்திருந்தார். இதெல்லாம் டெனுசனுக்கு நன்றாகத் தெரியும், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று எத்தனையோ தரம் அவர் சொல்லக் கேட்டவன். யாத்திரை இந்த ஞாயிறுதான் என்பதை மறந்துவிட்டேன் என்பது அவன் சொல்வது. மறக்க வசதியாக இருந்தது என்பது நான் சொல்வது.

ஆறு மணிக்கு, வெயில் இன்னும் இறங்காமல் அடித்துக்கொண்டிருக்கையில், போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். முதல் மணியிலேயே யாக்கோப்பு எடுத்தார்.

"தம்பி! நீ ஏன் எனக்கு எடுக்கிறாய்? நான் எல்லே உனக்கு எடுக்க வேணும்."

"அண்ணை, நான் ஒண்டு சொல்ல வேணும்..."

"நீ ஒண்டும் சொல்லாதை. எனக்குத் தெரியும். தகப்பன் மாதிரி வளத்த மனுசன் எண்டு நீ ஒருநாள் சொன்னனி, எனக்கு ஞாபகம் இருக்கு. அழு. ஆம்பிளை எண்டு அடக்கிக்கொண்டு இராதை. நான் என்ரை ஐயா செத்தபோது இஞ்சை விசா இல்லாமல் நிண்டனான் தம்பி. ஆரும் வந்து ஒரு வார்த்தை கேக்கேல்லை. அதுதான், உனக்கு அப்பிடி வரக்கூடாது எண்டு முதலாளியிட்டை நானே சொன்னன், ஞாயிறு நான் நிக்கிறன் எண்டு."

"உங்கடை நேத்தி, அண்ணை."

"மெற்றில்டா மட்டும் போறாள். நான் வாற வருசம் நடப்பன். என்ன, செவ்வாய்க்கிழமைக்கு முதல் செய்து முடிச்சிருந்தால் மனதுக்கு நிம்மதி. சரி விடு. மாதா கணக்குப் பாக்கிறவ இல்லை. நீ போய்ச் சனத்தோடை இரு."

போன் வைபட்டுவிட்டது. டெனுசன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான், மூடினான், திரும்பவும் திறந்தான். பின்னால் பீப்பாவோடு ஒருவன் காத்து நிற்பதை அப்புறம்தான் கண்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நண்டு இருந்தது. பிள்ளைகள் தின்றார்கள். அவனுக்கு இறங்கவில்லை. ஷெறோன் சீட்டுக்கட்டு எடுத்து வந்தாள். அவளோடு நாலு ஆட்டம் ஆடினான், நாலிலும் தோற்றான். "அப்பா, நீங்க நாளைக்கும் இருப்பீங்கதானே? ஃபுல் டே?" என்று கேட்டாள். "ஓம்" என்றான். அந்த ஓமையும் பொய்க் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் யாக்கோப்பு. யாத்திரை பஸ் ஆறரைக்குக் கோயில் வாசலில் வெளிக்கிடும். யாக்கோப்பு ஆறுக்கு முன்னம் சாவி போட்டு ஷெட்டைத் திறப்பார். அதற்கு முதல் யாராவது போய் அந்தத் திறப்பை வாங்கினால் அவர் போகலாம். வாங்கப் போகிறவன் எங்கிருந்து வருகிறான் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். இவ்வளவுதான் விசயம்.

விடிகிற நேரம் நாலரை இருக்கும், றூபினியின் தோளைத் தொட்டான்.

"போவம்."

அவளும் நித்திரை கொள்ளவில்லை. "பிள்ளையளை எழுப்பாதையுங்கோ" என்றாள், அவ்வளவுதான்.

வானை எடுத்துக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் கரண்ட் வயரைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. றூபினி இரவு உடுப்போடு குதித்து ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரர் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார், அங்கே இரைச்சல் போடக்கூடாத நேரம் அது. ஓடுகிற வானுக்குள் கறிச் சட்டி ஒரு பக்கம், கோப்பைகள் ஒரு பக்கம் என்று கடகடவென்று ஆடின. பிள்ளைகள் முழித்துவிட்டார்கள். "வேர் ஆர் வி கோயிங்?" என்று ஷெறோன் கேட்டாள். டெனுசன் கண்ணாடியில் அவளைப் பார்க்காமலே, "வேலைக்கு" என்றான். அவள் இட்ஸ் ஓகே என்றுகூடச் சொல்லவில்லை.

ஷெட்டுக்கு வந்தபோது ஐந்து நாற்பது. யாக்கோப்பு முன் கதவைத் திறந்து பத்திரிகைக் கட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். டெனுசன் இறங்கி வருவதைக் கண்டதும் கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

"ஏன்ரா வந்தனி? வீட்டிலை இருக்க ஏலாமல் இருக்கோ? எனக்கு விளங்குது. வா, தேத்தண்ணி போடுறன்."

அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டுதான் சொன்னான். விலகிவிட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தான். "அண்ணை, சித்தப்பா இப்ப சாகேல்லை. மூண்டு வருசத்துக்கு முந்திச் செத்தவர். நான் பிள்ளையளோடை ஹொலிடேக்குப் போனனான். பொய் சொல்லிப்போட்டன்."

யாக்கோப்பின் கை முதலில் தளரவில்லை. சொன்னது உள்ளே போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தலையைத் தூக்கி வானைப் பார்த்தார். பின் யன்னலில் றொஜன் ஒட்டிக்கொண்டு நின்றான், கழுத்தில் அந்த இளஞ்சிவப்புக் கொக்கு. யாக்கோப்பு கையை எடுத்தார்.

"மூண்டு வருசம். அப்ப நீ இஞ்சைதானே வேலை செய்தனி?"

"ஓம் அண்ணை."

"எனக்குப் பக்கத்திலை நிண்டனி."

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"லீவு கேக்கப் பயந்து..."

"லீவையோ கேட்டனான் நான்?" என்று கத்தினார் யாக்கோப்பு. அவர் கத்தி டெனுசன் கேட்டதே இல்லை. "எனக்குச் சொல்லேல்லை எண்டு கேக்கிறன்! நேற்று முழுக்க நான் உனக்காக அழுதனான்ரா. மெற்றில்டாவிட்டைச் சண்டை பிடிச்சனான். அவள் சொன்னாள், 'எனக்காக வைச்ச நேத்தியெல்லே, வாங்கோப்பா' எண்டு. நான் சொன்னன், 'உனக்கு ஒண்டும் ஆகாது, அங்கை ஒருத்தன் தகப்பனைக் குடுத்திட்டு நிக்கிறான்' எண்டு. என்ரை மனுசியைவிட உன்னைப் பெரிசா வைச்சனான்!"

டெனுசன் கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறரைக்கு பஸ், அண்ணை. இப்ப போனால் பிடிக்கலாம்" என்றான். 

யாக்கோப்பு திறப்புக்கோர்வையை எடுத்தார். கையில் கொடுக்கவில்லை. பத்திரிகைக் கட்டின் மேல் போட்டார். றூபினி வானிலிருந்து இறங்கி, "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கினாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஒருதரம் ஆட்டினார், போய்த் தன் காரில் ஏறினார், போய்விட்டார்.

பிறகென்ன, டெனுசன் கடையைத் திறந்தான். அரைக்காற்சட்டையோடும் ஏரி மணம் அடிக்கிற சட்டையோடும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றான். முதலாளிக்கு எடுத்து உண்மையைச் சொன்னான். முதலாளி ஏச ஏசக் கேட்டுக்கொண்டு நின்றான். பத்தாம் திகதி வந்து பார் என்றார், வேலை இருக்கா இல்லையா என்று அப்போது சொல்வாராம். வானை றூபினி சில்லுக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளைகளுக்கு உள்ளேயே பாண் துண்டுகளைச் சூடாக்கிக் கொடுத்தாள். "இதுவும் காம்ப்சைட்டா?" என்று றொஜன் கேட்டது கண்ணாடிக் கதவு திறந்தபோது கேட்டது. ஷெறோன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். சத்தம் கேட்டிருக்கும், விசயம் விளங்கியிராது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்துத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். அவன் அவளைப் பார்க்கத் துணியவில்லை.

எட்டேகால் இருக்கும். போன் அடித்தது. யாக்கோப்பு.

"அண்ணை! பஸ் பிடிச்சிட்டியளோ?"

பின்னால் பஸ் இரைச்சல், அதற்குள் நிறையச் சனத்தின் குரல்.

"உன்னோடை கதைக்க நான் எடுக்கேல்லை" என்றார் யாக்கோப்பு. குரலில் கோபம் ஆறவில்லை. "பஸ்ஸிலை செபமாலை நடக்குது. செத்தவையின்ரை பேர் வாசிக்கப் போயினம். பேரும் ஊரும் செத்த நாளும் எழுதிக் குடுக்க வேணும். உன்ரை சித்தப்பாவின்ரை பேர் இன்னும் ஒரு கோயிலிலையும் வாசிக்கேல்லைத்தானே?"

டெனுசன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டான். "இல்லை."

"பேர்?"

"செபஸ்தியாம்பிள்ளை."

"முழுக்கச் சொல்லு. அந்த மனுசனுக்குத் தகப்பன் இல்லையே?"

"சந்தியாம்பிள்ளை செபஸ்தியாம்பிள்ளை. பேசாலை."

எழுதுகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு யாக்கோப்பு குரலைத் தாழ்த்தினார். "இப்ப சொல்லு. இந்த பஸ்ஸிலை அம்பது பேர் இருக்கினம். எல்லாருக்கும் அவர் வியாழக்கிழமை செத்தவர் எண்டுதான் தெரியும். அஞ்சலீனா அன்ரி எனக்கு முன் சீற்றிலை இருக்கிறா. நான் எந்தத் திகதியை எழுதிக் குடுக்க?"

ஒரு கிழவன் பாலும் பத்திரிகையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். டெனுசன் அவனைப் பார்த்தான், ஆனால் அவனைக் காணவில்லை. வியாழக்கிழமை என்று சொன்னால் முடிந்தது. யாக்கோப்பு எழுதிக் கொடுப்பார், வெளியே சொல்லமாட்டார், அது டெனுசனுக்குத் தெரியும். மரக்கறிச் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றவர்களுக்கு முகம் காட்டலாம். கோயிலுக்குப் போகலாம். நல்ல பேரோடு இருக்கலாம். சித்தப்பா மட்டும் தான் சாகாத ஒரு நாளில் செத்தவராக இருந்துவிட்டுப் போவார், இவன் ஏரியில் குளித்த கிழமையில்.

"யூன் பதினொண்டு" என்றான் டெனுசன்.  திரும்பவும் சொன்னான். "மூண்டு வருசத்துக்கு முந்தி. யூன் பதினொண்டு, அண்ணை."

யாக்கோப்பு போனை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மைக் பிடித்த ஒருவரின் குரல் கேட்டது. சந்தியாம்பிள்ளை செபஸ்தியாம்பிள்ளை, பேசாலை, என்று வாசித்து, திகதியை வாசித்து, வருசத்தையும் வாசித்தது. பஸ் அமைதியாகிவிட்டது. அஞ்சலீனா அன்ரி "என்னது?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. டெனுசன் வெட்கத்தில் வெந்துபோனான். பிறகு முதலில் ஒரு குரல், கரகரத்த ஆம்பிளைக் குரல், செத்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கியது. அது யாக்கோப்பின் குரல். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டெனுசன் அழுதான். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்தாமல், மூன்று வருசமாக அழாததையெல்லாம் அழுதான். கிழவன் பயந்துபோய்ப் பாலுக்குக் காசை மேசையில் வைத்துவிட்டுச் சற்றே தள்ளி நின்றான். ஷெறோன் பத்திரிகைகளை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா? ஹூ டைட்?"

"என்ரை சித்தப்பா" என்றான் அவன்.